கஞ்சிக் கடைக்கு ஒரு பாராட்டு விழா

ஆனைமடுக் காட்டில், மடுவின் கரையில் நிற்கிற மருதமரத்தடியில், சடச்சி என்ற முள்ளம்பன்றி அகப்பையால் அண்டாவின் விளிம்பில் டங் டங்கென்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி ரெடி! சூடா இருக்கு! வாங்க!"

யாரும் வரவில்லை.

மறுபடியும் அடித்தாள். மடுவிலிருந்து ஒரு தவளை தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான்.

"ஏன் மாமா, என் குரல் இவங்களுக்குக் கேக்குதா இல்லையா?" என்று சடச்சி ஆமையிடம் கேட்டாள். ஆமையின் பெயர் ஓடையப்பன். அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை.

"மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும் தாயி!"

"அப்புறம் ஏன் ஒருத்தரும் வரலை?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க விறகு தள்ளிக்கிட்டு இருக்கேன்?" என்றார் ஓடையப்பன்.

கொஞ்ச நேரம் கழித்து செவத்தா என்ற காடை தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குஞ்சுகள் ஆளுக்கு ஒரு புல்லரிசிக் கதிரை வாயில் கவ்விக்கொண்டு வந்தன. கதிரைப் போட்டுவிட்டு, கஞ்சியைக் குடித்துவிட்டு, இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் போயின. அன்றைக்கு வியாபாரம் அத்தோடு முடிந்தது. அண்டாவில் பாதிக்கு மேல் கஞ்சி அப்படியே கிடந்தது.

அந்தக் கடை சடச்சியின் சொந்தக் கடை இல்லை. காட்டிலுள்ள எல்லோருக்கும் பொதுவான கடை. அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

அந்தக் காட்டைச் சுற்றி ஓர் ஆறு ஓடுகிறது. முன்பொரு வருஷம் அடைமழை பிடித்துக்கொண்டது. ஆறு பொங்கிவிட்டது. வளையை விட்டு யாரும் வெளியே தலை நீட்ட முடியவில்லை. வெள்ளாயி என்ற முயல் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். சாப்பாடு இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிப்போய், ஒரு குட்டி பசியிலேயே செத்துப்போனது. அதைப் புதைக்கக் குழி தோண்டியவள் பக்கத்து வளைச் சடச்சிதான். இத்தனூண்டு குழி. அதைத் தோண்டி முடிப்பதற்குள் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

மழை விட்டதும் எல்லோரும் மருதமரத்தடியில் கூடினார்கள். இனி நம் காட்டில் ஒரு வயிறும் காயக் கூடாது என்று சத்தியம் செய்து கடையைத் தொடங்கினார்கள். ஒரே ஒரு விதி வைத்தார்கள். சாப்பிட வருகிறவர்கள் ஒரு பிடி தானியமோ கிழங்கோ கொண்டுவர வேண்டும். அதில் பாதி அன்றைய உலைக்கு. மீதி, மழைக்காலத்துக்குத் தானியம் சேர்த்து வைக்கச் சடச்சி தோண்டிய குதிருக்கு. ஆகவே, ஆள் சாப்பிட வந்தால்தான் குதிர் நிறையும். வராவிட்டால் நிறையாது. இதைப் புரிந்துகொள்ள ஏதாவது பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டுமா, சொல்லுங்கள்!

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் ஓட்டன் வந்தான்.

ஓட்டன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற நரி. அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. சாலையோர ஓட்டல்களின் பின்பக்கம் மிஞ்சிப்போகிற பரோட்டா, பஜ்ஜி, வடை எல்லாவற்றையும் இலையில் மடித்து, நீர் வடிந்த ஆற்றைத் தாண்டிக் கொண்டுவருவான். வளை வாசலிலேயே கொண்டுவந்து கொடுப்பான். பதிலுக்குத் தானியமும் கிழங்கும் தேனும் வாங்கிப் போவான். நரி முயலைப் பிடித்துத் தின்னாதா என்று கேட்காதீர்கள். பரோட்டாவுக்குப் பழகிய நரிக்கு முயலைத் துரத்த ஏது பொறுமை!

எல்லாத் தப்பையும் ஓட்டன் தலையில் கட்டிவிட்டால் கதை சொல்வது எனக்குச் சுலபம். ஆனால் அவன் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டான்.

"இப்பவே சொல்லிடறேன்! மழை பிடிச்சா ஆத்தைத் தாண்டி வர மாட்டேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது!"

"அது கிடக்கட்டும், வடை இருக்கா?" என்று கேட்டது கரடி.

அன்றிலிருந்து மருதமரத்தடி காலியானது. மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. குதிரில் கால்வாசிகூட ஏறவில்லை. வெள்ளாயி மறுபடியும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கச் சடச்சிக்குச் சோறு இறங்கவில்லை. சரி, நேரிலேயே போய்க் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினாள்.

முதலில் கரடியிடம் போனாள். கரடியின் பெயர் கருத்தான்.

"என்ன கருத்தா, கடைப் பக்கம் ஆளையே காணோம்?"

"ஐயோ அக்கா! என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! அது நம்ம கடை! நம்ம கடையைப் பத்தி எவனாச்சும் தப்பாப் பேசட்டும், கடிச்சுத் துப்பிடுவேன்!"

"நீ யாரையும் கடிக்க வேண்டாம். வந்து கஞ்சியைக் குடி. நேத்து ஏன் வரலை?"

"நேத்து கால் வலி அக்கா."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் ஒரே மேகமா இருந்துச்சு."

"வாயோரத்துல என்ன அது?"

கருத்தான் சட்டென்று நக்கிக்கொண்டான். "தேன்!"

"தேன்ல கடலைமாவு வாசனை வருதே!"

கருத்தான் தலையைச் சொறிந்தான். "சரி, உண்மையைச் சொல்லவா? தினமும் கஞ்சி, கிழங்கு. கிழங்கு, கஞ்சி. நாக்கு செத்துப்போச்சு. அதோட நீங்க பரிமாறும்போதே திட்டுறீங்க. ஓட்டன் 'சாப்பிடுங்கண்ணே'ன்னு எவ்வளவு பதமாச் சொல்றான் தெரியுமா?"

சடச்சிக்குச் சுருக்கென்றது. அவள் திட்டுவது நிஜம்தான். மூக்குக்கு மேலே கோபம் வருகிற சுபாவம் அவளுக்கு. அங்கிருந்து வெள்ளாயியின் வளைக்குப் போனாள்.

வெள்ளாயி அவளைப் பார்த்ததும் எதையோ முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"வாங்கக்கா! நான் நம்ம கடைக்கு எவ்வளவு சப்போர்ட்டுன்னு உங்களுக்கே தெரியும்! நேத்துகூட காட்டுப்பன்னி அண்ணிகிட்ட அடிச்சுச் சொன்னேன், எல்லாரும் நம்ம கடையிலதான் சாப்பிடணும்னு!"

"நீ சாப்பிட்டியா?"

"அண்ணி சாப்பிட்டாங்களான்னு தெரியலையே."

"நீ சாப்பிட்டியான்னு கேட்டேன்!"

"நான் ஒருத்தி வரலைன்னா என்னக்கா குறைஞ்சிடப் போகுது? அதான் மத்தவங்க எல்லாம் வர்றாங்களே!"

"ஒருத்தரும் வரலைடி!"

"நிஜமாவா?" வெள்ளாயி வாயில் கை வைத்தாள். "என்ன அநியாயம்! ஏன்தான் எல்லாரும் இப்படி இருக்காங்களோ!"

சடச்சி படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். திட்ட வாய் துடித்தது. ஆனால் அந்தச் சின்னக் குழி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. "மழை வரப்போகுது வெள்ளாயி. உன் வயித்தையாவது நினைச்சுப் பாரு," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளாயியின் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்க்கா."

மறுநாள் சடச்சி கிழங்கு அடை தட்டினாள். களாக்காய்த் துவையல் அரைத்தாள். இன்றைக்கு யாரையும் திட்டுவதில்லை என்று சபதம் எடுத்து, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வந்ததெல்லாம் செவத்தாவும் குஞ்சுகளும்தான்.

"சித்தி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு குஞ்சு பயந்துபோய்க் கேட்டது.

வெள்ளாயி வரவில்லை. கருத்தானும் வரவில்லை. ஆனால் சாயங்காலம் தோகைராயர் வந்தார். அவர் மயில். காட்டுச் சங்கத்தின் தலைவர்.

"சடச்சியம்மா! கடை சரியா நடக்கலைன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கலை. உடனே கமிட்டியைக் கூட்டிட்டேன். கடையைக் காப்பாத்த ஒரு பிரமாதமான முடிவு எடுத்திருக்கோம்!"

"எல்லாரும் சாப்பிட வர்றதாவா?" என்று ஆசையோடு கேட்டாள் சடச்சி.

"அதைவிடப் பெருசு! கடைக்கு ஒரு பாராட்டு விழா!"

"விழா எதுக்குங்கய்யா? வந்து சாப்பிட்டா போதுமே!"

"என்னம்மா நீங்க! விழா நடந்தாத்தானே ஒரு விழிப்புணர்வு வரும்! காடே திரண்டு வரும். ஆளுக்கு ஒரு பிடி தானியம் கொண்டுவரணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்!"

இந்தக் கடைசி வார்த்தையில்தான் சடச்சி விழுந்துவிட்டாள். காடே வருகிறது! ஆளுக்கு ஒரு பிடி! ஒரே நாளில் குதிர் நிறைந்துவிடுமே!

காடே வந்தால் காட்டுக்கே சமைக்க வேண்டுமல்லவா? அன்றாடம் வருகிற தானியம் எந்த மூலைக்கு? சடச்சி குதிரைத் திறந்தாள்.

"குதிர்ல கை வைக்காதே தாயி," என்றார் ஓடையப்பன். "மழைக்கு வச்சது."

"எடுக்கிறதைவிடக் கூடுதலாத் திரும்பி வரப்போகுது மாமா! நீங்க விறகைத் தள்ளுங்க!"

குதிரில் இருந்ததில் முக்கால்வாசி அண்டாவுக்குப் போனது. மூங்கிலரிசிக் கஞ்சி, வேகவைத்த வள்ளிக்கிழங்கு, துவையல் என்று சடச்சி இடுப்பொடிய வேலை செய்தாள். விழா அன்றைக்குச் சொன்னபடியே காடே திரண்டு வந்தது. ஆளுக்கு ஒரு பிடியும் கொண்டுவந்தது. தோகைராயர் வாசலில் நின்று அதையெல்லாம் ஒரு கூடையில் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் பேசினார்கள். அடேயப்பா, என்ன பேச்சு! நம் மண், நம் உணவு, நம் கடை என்று தோகைராயர் தொண்டை வறளப் பேசினார். கடைக்காக உயிரையும் கொடுப்பேன் என்றான் கருத்தான். உயிரை யார் கேட்டார்கள், நீ வந்து உட்கார்ந்தால் போதாதா என்று சடச்சி முணுமுணுத்தாள். வெள்ளாயி அழுதேவிட்டாள். குரங்குகள் கிளைகளில் உட்கார்ந்து கைதட்டின. கடைசியில் தோகைராயர் வாழையிலையால் தைத்த ஒரு பொன்னாடையைச் சடச்சிக்குப் போர்த்தினார். அது முள்ளில் பட்டு நார் நாராகக் கிழிந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சடச்சி அகப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எல்லாரும் வரிசையா உட்காருங்க, இலை போடறேன்!"

"நீங்க உட்காருங்கம்மா!" என்று அவளைப் பிடித்து உட்கார்த்தினார் தோகைராயர். "இன்னைக்கு நீங்க சிறப்பு விருந்தினர்! உங்களுக்குச் சிரமம் தரலாமா? சாப்பாட்டுக்கு நாங்களே ஏற்பாடு பண்ணிட்டோம்!"

புதரை விலக்கிக்கொண்டு ஓட்டன் வந்தான். முதுகு வளைய மூட்டை. "சூடான பஜ்ஜி! பரோட்டா! வரிசையா வாங்கண்ணே, எல்லாருக்கும் இருக்கு!"

தோகைராயர் தானியக் கூடையை அப்படியே தூக்கி ஓட்டனிடம் கொடுத்தார்.

சடச்சி அந்தக் கூடையையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் உடம்பிலிருந்த முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"அடப் பாவிகளா! கஞ்சிக் கடைக்கு விழா எடுத்துட்டு பஜ்ஜியா தின்னுறீங்க? உங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா? அண்டா நிறையக் கஞ்சி ஆறிக்கிட்டு இருக்கு! குதிரைக் காலி பண்ணிட்டு உக்காந்திருக்கேன்! உங்க பேச்சை எந்த உலையில போட்டு நான் கஞ்சி காய்ச்சுவேன்? கை தட்டினது போதும்! வந்து சாப்பிடுங்க!"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆஹா!" என்றார் தோகைராயர், வாயில் பஜ்ஜியோடு. "என்ன உணர்ச்சிகரமான ஏற்புரை!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சடச்சி கீழே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. இவர்களை அடிக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது, என்னதான் செய்வாள் அவள்! செவத்தாவும் குஞ்சுகளும் ஓடையப்பனும் முடிந்த மட்டும் குடித்தார்கள். மீதிக் கஞ்சி புளித்துப்போய் மண்ணில் கொட்டப்பட்டது.

சில நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆறு இரு கரையும் முட்டிச் சீறிக்கொண்டு ஓடியது. கருத்தான் கரையில் நின்று கத்தினான்.

"ஓட்டா! எப்ப வருவே?"

"நான்தான் முதல் நாளே சொன்னேனே அண்ணே!" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது. அதோடு சரி.

பசி வந்ததும் கடைக்கு வழி எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மருதமரத்தடியில் அப்படியொரு வரிசையைச் சடச்சி பார்த்ததே இல்லை. தலையில் தேக்கிலையைக் கவிழ்த்துக்கொண்டு தோகைராயர் முதல் ஆளாக நின்றார். கருத்தான், குரங்குகள், காட்டுப்பன்றிக் கூட்டம் எல்லோரும் நின்றார்கள். ஒருவர் கையிலும் ஒரு பிடி இல்லை. வரிசையின் கடைசியில் வெள்ளாயி நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் குட்டி பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. "பால் வத்திக்கிட்டு வருதுக்கா," என்றாள்.

சடச்சி குதிரைத் திறந்து காட்டினாள். அடியில் கொஞ்சம் புல்லரிசியும் கொஞ்சம் மூங்கிலரிசியும் கிடந்தன.

"பாத்துக்குங்க! இவ்வளவுதான் இருக்கு. நீங்க எப்பவோ போட்டதெல்லாம் விழா அண்டாவோட போச்சு, இதுல உங்க பிடி ஒண்ணுகூட இல்லை. விழாவுக்கு அப்புறம் செவத்தாவும் அவ குஞ்சுகளும் தினமும் கொண்டுவந்து போட்டதும், அவங்க முன்னாடி போட்டதுல மிச்சமும்தான் இது. இதை எடுத்து ஊத்த எனக்கு உரிமை இல்லை. அவகிட்டக் கேளுங்க!"

எல்லோரும் அந்தச் சின்னக் காடையைத் திரும்பிப் பார்த்தார்கள். செவத்தாவின் குஞ்சுகள் அவள் சிறகுக்குள் ஒடுங்கி நின்றன. அவற்றுக்கும் பசிதான்.

"நேத்து வரைக்கும் பஜ்ஜி தின்ன வாய்தானே எல்லாம்!" என்று செவத்தா பொரிந்தாள். "எங்க வீட்டுப் பக்கமா பொட்டலத்தோட போகும்போது, எம் பிள்ளைங்களைப் பாத்து 'இன்னுமா கஞ்சி'ன்னு சிரிச்சீங்களே! இப்ப எங்க வந்து நிக்கிறீங்க?" அவள் வெள்ளாயியைப் பார்த்தாள். பார்த்தவள் பெருமூச்சு விட்டாள். "வேற என்ன செய்யிறது! பச்சைக் குட்டி வச்சிருக்கிறவ முதல்ல குடிக்கட்டும். அப்புறம் எம் பிள்ளைங்களும் மத்தப் பொடிசுகளும். பெரிய ஆளுங்களுக்குக் கிடையாது. போய் மண்ணைத் தோண்டுங்க!"

"இந்தப் பற்றாக்குறை பத்தி உடனே ஒரு கூட்டம் போட்டு..." என்று ஆரம்பித்தார் தோகைராயர்.

"அய்யா!" என்றாள் சடச்சி. முள் சிலிர்த்தது. தோகைராயர் சட்டென்று பின்வாங்கினார்.

சடச்சி கஞ்சி காய்ச்சினாள். நீர்க்கக் காய்ச்சி, முதல் இலையை வெள்ளாயிக்குப் போட்டாள். குஞ்சுகள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டன. வெள்ளாயி இலையில் கை வைக்கவில்லை.

"செவத்தாக்கா, இதுல நான் ஒரு பிடிகூடப் போடலையே!"

"தெரியும்! பேசாம குடி! பால் சுரக்கணுமா வேண்டாமா?"

வெள்ளாயி அழுதுகொண்டே குடித்தாள். சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பால் ஊறியது. ஆனால் கஞ்சியின் பங்கு குறைந்துபோன காடைக் குஞ்சுகளில் கடைக்குட்டி மழை விடுகிறவரைக்கும் எழுந்து நடக்கவில்லை. செவத்தாவின் சிறகுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. வெள்ளாயி தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவாள். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கருத்தான் கொட்டுகிற மழையில் சேற்றைக் கிளறி, கிடைத்த கிழங்கையெல்லாம் கொண்டுவந்து அடுப்பருகே போட்டான். அவன் தின்றானா என்று யாரும் கேட்கவில்லை.

ஒருவழியாக மழை விட்டது. கடைக்குட்டி எழுந்து நின்றது. அன்றைக்குத்தான் சடச்சி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஆறு வடிந்ததும் ஓட்டனும் வந்துவிட்டான். "சூடான பஜ்ஜி! பரோட்டா!"

குரங்குகளில் பாதி அவன் பின்னாலேயே ஓடின. என்ன சொல்ல! தோகைராயர் ஒரு பொட்டலத்தை வாங்கித் தோகைக்கு அடியில் செருகிக்கொண்டு, "கடைக்கு அடுத்த விழாவைச் சிறப்பாப் பண்ணிடணும்," என்று சொல்லியபடி நடந்தார். கருத்தானின் மூக்கு அந்தப் பக்கமாக இழுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு கையிலிருந்த கிழங்கோடு கடைக்கு வந்தான்.

"திட்டாம ஊத்துங்கக்கா!"

"திட்டத்தான் செய்வேன்! உக்காருடா!" என்றாள் சடச்சி. உட்கார்ந்தான்.

அவனுக்குப் பின்னால் வெள்ளாயி வந்தாள். கூடவே அவள் குட்டிகள் தத்தித் தத்தி வந்தன. ஓட்டன் வழியில் நின்று, "தங்கச்சி, பிள்ளைங்களுக்கு வடை வேணுமா?" என்று கேட்டான். வெள்ளாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்கு வந்து, செவத்தாவின் கடைக்குட்டிக்குப் பக்கத்தில் தன் குட்டிகளை உட்கார்த்திவிட்டு, தன் கையிலிருந்த ஒரு பிடிச் சாமையைக் குதிரில் போட்டாள். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் இலையை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

நம் ஊராருக்குப் பொதுவான உணவுக்கடையை வாயாரப் புகழ்வது ஆதரவாகாது. மற்றவர்கள் போவார்கள் என்று இருந்துவிடாமல், அன்றாடம் நாமே போய் அங்கே வயிறாரச் சாப்பிடுவதுதான் ஆதரவு.